மாநிலம் முழுவதற்கும் ஒரே திட்டம். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது போதுமா?

கொருக்குப்பேட்டை வாசகி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 2025-ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு, பத்தாம் வகுப்பில் 93.80. முடிவு வந்த அன்று எங்கள் தெருவிலும் இனிப்பு கொடுத்தார்கள், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கணக்கில் தேர்வு எழுத வந்து உட்கார்ந்த பிள்ளைகள் மட்டுமே இருக்கிறார்கள். எட்டோடும் ஒன்பதோடும் படிப்பை விட்டு மெக்கானிக் கடைக்கும் மீன் ஏலக்கூடத்துக்கும் போய்விட்டவர்கள் அதில் வரமாட்டார்கள்.

நான் இங்குள்ள மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீங்கியதைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் சிக்கல் பதினோராம் வகுப்பில் தொடங்குவதில்லை. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் தொடங்கி, ஆறாம் வகுப்பில் வெளியே தெரிகிறது. அதற்குள் பாதிப் பிள்ளைகள் மனத்தளவில் பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள்.

எண்ணும் எழுத்தும், காலை உணவு, இல்லம் தேடிக் கல்வி, நான் முதல்வன், புதுமைப் பெண் என்று நல்ல திட்டங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே மாநிலம் முழுக்க ஒரே அளவில் வந்தவை. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டாகிவிட்டது, சரி. கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? பின்தங்கிய பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர், கூடுதல் பணம், கூடுதல் நேரம் என்று தனியாக ஒதுக்காமல் இடைவெளி குறையுமா?

ஆசிரியர்கள், பெற்றோர், இங்கே படித்து வளர்ந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.


சாக்பீஸ்

அக்கா, நான் திரு.வி.க. நகர் மண்டலத்தில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். நீங்கள் சொன்ன "ஆறாம் வகுப்பில் வெளியே தெரிகிறது" என்பதைத் தினமும் பார்க்கிறவள்.

என் வகுப்பில் ஒரு மாணவன். கரும்பலகையில் எழுதியதை வரி பிசகாமல் குறிப்பேட்டில் எழுதிவிடுவான். கையெழுத்து அவ்வளவு அழகு, தலைமையாசிரியரே எடுத்துப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார். ஒரு நாள் அவன் எழுதிய வரியிலேயே விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். வாய் திறக்கவில்லை. 'கொக்கு' என்ற சொல்லைக் காட்டினேன். கடைசியில் இருக்கும் 'கு' தெரிந்தது. முதல் எழுத்தைக் காட்டியபோது முதலில் 'கெ' என்றான், பிறகு 'கா' என்றான். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்தால் அது ஒரே ஒலி என்பது அவனுக்குள் பதியவே இல்லை. அதுவரை அவன் எழுத்தை எழுதவில்லை, வரைந்திருக்கிறான்.

இவன் மந்தமான பிள்ளை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வயது. அந்த ஆண்டு பள்ளியே இல்லை. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அவன் முதன்முதலில் வகுப்பறையைப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி ஓடிவிட்டது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. வீட்டில் கைப்பேசி இருந்த பிள்ளை அந்த இடைவெளியை எப்படியோ தாண்டி வந்தது. இவன் வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய்விடும்.

எண்ணும் எழுத்தும் நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே வகுப்பறைக்குள் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, யார் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்கச் சொல்கிறது. பாடநூலை முடிப்பதே வேலை என்றிருந்த நிலை அதனால் மாறியது. ஆனால் அரும்பில் இருக்கும் பிள்ளைக்குத்தான் ஆசிரியர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் வைத்திருக்கும் பள்ளியில், மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றிக்கொண்டு, அவர் எத்தனை பிள்ளை பக்கத்தில் உட்கார முடியும்?


பழைய மில் தெரு

பட்டாளத்தில் பிறந்தவன், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தை மட்டும் பார்த்துப் பேசினால் பாதி உண்மைதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) துணி மில் ஓடிய காலத்தில் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி வீடுகளில் மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. 1918-இல் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்த மண் இது. ஷிப்டு முடிந்து எந்த நேரத்தில் அப்பா வருவார் என்று பிள்ளைக்குத் தெரியும். எழுதப்படிக்கத் தெரியாத அப்பாவும் "நோட்டை எடு பார்க்கலாம்" என்பார். 1996-இல் மில் மூடியது. அதற்குப் பிறகு வந்தது அன்றாடக் கூலி, ஒப்பந்த வேலை, காசிமேட்டில் ஐஸ் சுமப்பது, இரவு லாரியில் ஏற்றி இறக்குவது. மாலையில் வீட்டில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பதே அரிதாகிவிட்டது.

இதைச் சொல்வது பள்ளிக்கூடத்தின் பொறுப்பைக் குறைக்க அன்று. அந்த மாலை நேரத்தையும் பள்ளிதான் ஏற்க வேண்டும் என்று கேட்கிறேன். காமராசர் 1956-இல் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தபோது, சோறு போடுவதா பள்ளியின் வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று யாரும் அப்படிக் கேட்பதில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு மாலை ஆறு மணி வரை ஆளும் விளக்கும் கொடுப்பது பள்ளியின் வேலை என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும்.


காசிமேட்டுக்காரி

மில் தெரு அப்பா சொன்னது சரி. காலை உணவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏலத்துக்கு நாங்கள் விடியற்காலம் இரண்டு, மூன்று மணிக்கே போய்விடுவோம். முன்பெல்லாம் பெரிய பெண்தான் தம்பி தங்கையை எழுப்பி, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, அவர்களை விட்டுவிட்டுத் தாமதமாகத் தன் பள்ளிக்குப் போவாள். காலை உணவு வந்த பிறகு சின்னதுகள் தாமாகவே கிளம்பி ஓடிவிடுகின்றன. பொங்கல் போடும் நாளில் எழுப்பவே வேண்டாம். இதனால் படிப்பு அதிகம் மிச்சமானது என் பெரிய பெண்ணுக்கு. இதை எந்தக் கணக்கெடுப்பிலும் எழுதமாட்டார்கள்.


புள்ளிக்கணக்கு

தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். புள்ளியியல் படித்து, தரவு வேலை செய்கிறேன். இழையைத் தொடங்கிய அக்காவின் கேள்விக்கு நேராக வருகிறேன்.

முதலில், நாம் எதைப் பார்த்து வடசென்னைப் பிள்ளைகளின் நிலையைப் பேசுகிறோம்? பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துச் சொல்லும் ஏசர் அறிக்கை ஊடகங்களில் அடிக்கடி வரும். அது கிராமப்புறங்களை மட்டும் அளப்பது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8 என்று அது சொன்னபோது எல்லாரும் அதிர்ந்தோம். அதில் வியாசர்பாடிப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. 2025 பிப்ரவரியில் மாநில அரசே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு அடைவுத் தேர்வு நடத்தியது. இது நல்ல தொடக்கம். ஆனால் மாவட்ட வாரியாகப் பேசும்போது சென்னை ஒரே மாவட்டம். அடையாறும் கொடுங்கையூரும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. மாநகராட்சியின் 4, 5, 6 ஆகிய மண்டலங்களை, அதாவது தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகரைத் தனியே பிரித்துப் பார்க்காமல் இடைவெளி என்று எதைச் சொல்வது?

அடுத்தது, சராசரி உயர்வதும் இடைவெளி குறைவதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1993-இல் பெரிய சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஏழை நகரங்களின் பள்ளிகளுக்கு அடிப்படை நிதியை உறுதிசெய்து, மாநிலம் முழுக்க ஒரே தரத்தேர்வும் வைத்தார்கள். தேசிய அளவிலான தேர்வுகளில் அந்த மாநிலம் முதல் வரிசைக்கே போனது. ஆனாலும் ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியான பிள்ளைகளுக்கும் இடையிலான தூரம் பிடிவாதமாக நின்றது. 2019-இல் ஏழை மாணவர்களுக்காகக் கூடுதல் நிதி தரத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

மிசிசிப்பியின் கதை வேறு. அந்நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. 2013-இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் நாற்பத்தொன்பதாம் இடம். அந்த ஆண்டே சட்டம் போட்டு, எழுத்தையும் ஒலியையும் முறையாகக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அரசுச் சம்பளத்தில் வாசிப்புப் பயிற்றுநர்களை அமர்த்தி, மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு முதலில் அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை நிறுத்தி வைத்தார்கள். 2024-இல் ஒன்பதாம் இடம். கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் நன்றாக உயர்ந்தது. எட்டாம் வகுப்பில் அவ்வளவு முன்னேற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கருத்து: நாமும் மூன்றாம் வகுப்பில் ஓர் உறுதியான கோடு போட வேண்டும்.


சாக்பீஸ்

//மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை நிறுத்தி வைத்தார்கள்//

தம்பி, இதை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க வழிசெய்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்பதே தொடர்கிறது. அது சரியான முடிவு. புளியந்தோப்பில் ஒரு பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் நிறுத்தினால் அடுத்த ஜூனில் அது மறுபடி ஐந்தாம் வகுப்புக்கு வராது, வேலைக்குப் போய்விடும். பெண் பிள்ளையானால் வீட்டோடு இருந்துவிடும். என் வகுப்பில் பேசவே பயப்படும் மாணவன் எனக்கு இன்னும் மூன்று ஆண்டு கிடைப்பான். நிறுத்தி வைத்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டான்.


புள்ளிக்கணக்கு

மேடம், நிறுத்தி வைப்பதால் பிள்ளை பள்ளியை விட்டுப் போகும் என்பதை ஏற்கிறேன். என் கவலை வேறு. தேர்ச்சி நிச்சயம் என்றால் பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை, சரி. ஆனால் அமைப்புக்கும் அலாரம் அடிப்பதில்லையே. அந்த மாணவன் மூன்றாம் வகுப்பிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து ஐந்துக்கும் போனபோது வாசிக்கத் தெரியாது என்பது ஒருவர் மேசைக்கும் கேள்வியாக வரவில்லை. பிள்ளையை நிறுத்த வேண்டாம், அவன் கோப்பை நிறுத்துங்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்காத ஒவ்வொரு பிள்ளையின் பேரிலும் அந்தப் பள்ளிக்கு ஒரு பயிற்றுநரின் நேரம் ஒதுக்கப்பட வேண்டும் என்று விதி வரட்டும்.


சாக்பீஸ்

அப்படியானால் நாம் ஒரே பக்கம்தான். அதோடு இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 2025-26-இல் ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' என்ற பெயரில் தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையைத் திரும்பக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் எழுத்து தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று துறையே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்கிறேன். அதுவே பெரிய மாற்றம். நான் பணியில் சேர்ந்த காலத்தில் அதைச் சொன்னால் ஆசிரியரைத்தான் குற்றம் சொல்வார்கள்.


எண்ணூர்க்கரை

எல்லாரும் அரசுப் பள்ளியை எப்படிச் சரிசெய்வது என்று பேசுகிறீர்கள். அதிலிருந்து வெளியே வந்த அப்பன் ஒருவன் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

என் மகளை இரண்டாம் வகுப்பில் மாநகராட்சிப் பள்ளியிலிருந்து எடுத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தேன். ஆட்டோ ஓட்டுகிறேன். ஜூன் மாதம் நகை அடகு வைக்காமல் கட்டணம் கட்டியதில்லை. ஆங்கில மோகம் என்பார்கள். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறதே, அதைத் தெரியாமலா எடுத்தேன்? காரணம் வேறு. ஒரே ஆண்டில் அவள் வகுப்புக்கு ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்தார். ஒருவர் பயிற்சிக்குப் போனார், ஒருவர் மாறுதலில் போனார், பிறகு பக்கத்து வகுப்போடு சேர்த்து உட்கார வைத்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. வந்த ஆசிரியர்கள் அனைவரும் நல்லவர்கள். ஆனால் என் மகளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்தப் பள்ளியில் இல்லை. இங்கே மாதம் ஒருமுறை கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்கிறார்கள். அதற்குத்தான் பணம் கட்டுகிறேன்.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தரும் 25 விழுக்காடு இடஒதுக்கீட்டில் விண்ணப்பித்துப் பார்த்தேன், குலுக்கலில் கிடைக்கவில்லை.


கொருக்குப்பேட்டை வாசகி

எண்ணூர் அண்ணா, கோபம் எதற்கு? "எது தெரியும், எது தெரியாது என்று சொல்லக்கூடிய ஒருவர்" என்று எழுதினீர்களே, இந்த இழையில் வந்தவற்றில் இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்த பிறகு, உங்கள் மகளின் பள்ளியிலும் எங்கள் பள்ளியிலும் மாநிலப் பாடத்திட்டம் ஒன்றுதான். கட்டடமும் இப்போது பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு சுமார் 95 கோடி ரூபாயில் 28 சென்னைப் பள்ளிகளைப் புதுப்பித்தார்கள். பாடமும் கட்டடமும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்ட இடத்திலும் பிள்ளைகள் சமமாகவில்லை என்றால், மிச்சம் இருப்பது அந்த ஒருவர்தான்.

பிள்ளையை எடுத்துக்கொண்டு போனதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் விசாரிக்கிற, கேள்வி கேட்கிற அப்பா அம்மாக்கள் ஒவ்வொருவராக வெளியேறும்போது, எங்கள் குழுக் கூட்டத்தில் கேட்க ஆளில்லாமல் போகிறது.


பழைய மில் தெரு

ஆளைப் பற்றிப் பேசுகிறோம், ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் பேச வேண்டாமா? ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி நிதியில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததாக மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. எண்ணூர்த் தம்பி சொன்ன 25 விழுக்காட்டுச் சேர்க்கையே 2025-இல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. எங்கோ நடக்கும் இந்த இழுபறியில் முதலில் அடிபடுவது எங்கள் தெருப் பிள்ளைதான்.


கொருக்குப்பேட்டை வாசகி

ஐயா, நியாயமான கோபம். ஆனால் அந்தப் பணம் முழுதும் நாளையே வந்தாலும் அது எல்லா மாவட்டத்துக்கும் பிரிந்துதான் போகும். வந்த பணத்தில் யாருக்கு முதலில் என்பதுதான் என் கேள்வி.


மாலை வகுப்பு

நான் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். எம்.கே.பி. நகர்ப் பக்கம். திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது, அந்தக் குளிர்காலத்திலேயே சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பாரதி மகளிர் கல்லூரியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைத்தது எங்கள் கல்லூரியில்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் அந்தத் திட்டத்தில் கல்லூரி மாணவிகளுக்குத் தரும் மாதம் ஆயிரம் ரூபாயும் எனக்கு வந்தது.

மாடிப்படி முடியும் இடத்தில் இருக்கிற சின்ன வெளியில்தான் வகுப்பு. மழை வந்தால் வீட்டுக்குள். ஒன்று முதல் ஐந்து வரை கலந்து இருபது பிள்ளைகள் போல வருவார்கள். முதல் சில மாதங்கள் கதை, பாட்டு, விளையாட்டு என்று போனது. பிள்ளைகள் மகிழ்ச்சியாக வந்தார்கள், ஆனால் வாசிப்பு நகரவில்லை. பிறகு ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு எந்த எழுத்து தெரிகிறது, எது தெரியவில்லை என்று ஒரு நோட்டில் குறித்தேன். குறித்துப் பார்த்தபோது எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் தட்டுகிறது. அ, ஆ தெரிகிறது, க, ங, ச தெரிகிறது, உயிர்மெய்யில் கெ, கே, கை, கொ, கோ, கௌ வரும்போது நின்றுவிடுகிறார்கள். சாக்பீஸ் மிஸ் எழுதிய அதே 'கொ'தான். அந்த ஆறு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, தினமும் கொஞ்ச நேரம், ஒவ்வொருவராக வாசிக்க வைத்தேன். பொங்கலுக்கு முன்பு 'கோலம்' என்று வாசலில் எழுதியிருந்த சொல்லை ஒருத்தி தானாக வாசித்துவிட்டு என்னைத் தேடி ஓடிவந்தாள்.

இதற்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. நேரமும், சின்னக் கூட்டமும், அதே பிள்ளைகளை விடாமல் பார்ப்பதும்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை நாள் ஒரு பெண் இதைச் செய்வாள்? என்னோடு சேர்ந்தவர்கள் துணிக்கடைக்கும் கால் சென்டருக்கும் போய்விட்டார்கள். மில் தெரு தாத்தா சொன்ன மாலை ஆறு மணி வரை பள்ளி என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதற்கு எங்களைப் போன்றவர்களை முறையான சம்பளத்தில் எடுங்கள். தெருவும் தெரியும், பிள்ளையின் வீடும் தெரியும், அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பதும் தெரியும்.


புள்ளிக்கணக்கு

சகோதரி, உங்கள் அந்த நோட்டு இருக்கிறதே, அதற்கு நிகராக மாநகராட்சியிலோ துறையிலோ ஒரு பதிவேடு இருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். செயலியில் ஏறும் மதிப்பீட்டில் பிள்ளை மொட்டா மலரா என்று தெரிகிறது. 'கொ'வில் நிற்கிறதா, ஒற்றில் நிற்கிறதா என்பது அடுத்த ஆண்டு ஆசிரியருக்குப் போய்ச் சேர்வதில்லை.


சாக்பீஸ்

ஆசிரியர் மாறுதல் பற்றி எண்ணூர்க்கரை எழுதியதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

சென்னையில் நிர்வாகமே இரண்டு. மாநகராட்சிப் பள்ளிகள் ஒரு பக்கம், பள்ளிக்கல்வித் துறையின் பள்ளிகள் இன்னொரு பக்கம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் முதலிய விரிவாக்கப் பகுதிகளில் துறையிடம் இருந்த 139 பள்ளிகளை 2022-இல் மாநகராட்சிக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். ஆசிரியர் காலியிடம் விழுந்தால் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை எடுக்கிறார்கள். இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்கத்தில் மாதம் 7,500 ரூபாய், பிறகு 12,000 ஆக்கினார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அந்தச் சம்பளத்தில் வருகிற பெண்கள் எவ்வளவு அக்கறையாகப் பாடம் எடுக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் வேறு நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். அப்படி அவர்கள் விட்டுப் போகும் வகுப்பு பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி விழுக்காடு கேட்பார்கள், அதனால் அங்கே அனுபவமுள்ளவரை நிறுத்துவார்கள். ஒன்றாம் வகுப்பைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

எனக்கு அதிகாரம் கிடைத்தால் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன். வடசென்னையின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் இருப்பதிலேயே அனுபவம் மிக்க ஆசிரியரை ஒன்றாம் வகுப்பில் வைப்பேன். அவர் அதே பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பு வரை வருவார். அந்த மூன்று ஆண்டும் அவருக்கு மாறுதல் கிடையாது, வேறு வேலையும் கிடையாது. அதற்காக அவருக்குத் தனிப்படி கொடுக்கட்டும். மலைப்பகுதியில் வேலை செய்பவர்களுக்குப் படி கொடுக்கும் அரசு, கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் வேலை செய்பவருக்கும் கொடுக்கலாம்.


எண்ணூர்க்கரை

மிஸ், அப்படி ஒரு பள்ளி எங்கள் பக்கம் இருந்தால் அடகுக்கடைக்குப் போகமாட்டேன். என் இரண்டாவது பையனுக்கு அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு.


கொருக்குப்பேட்டை வாசகி

இந்த மாதக் கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். 2024-இல் குழுக்களை மாற்றியமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நாம் ஒன்றாகக் கேட்டால் மறுப்பது கடினம்.

தீர்மானத்தில் இருப்பவை இவை. மூன்று வரையான வகுப்புகளின் ஆசிரியரை ஆண்டு நடுவில் மாற்றக்கூடாது. மாற்றியே தீரவேண்டும் என்றால் முன்கூட்டியே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாலை வகுப்புத் தங்கை வைத்திருப்பது போன்ற ஒரு வாசிப்பு நோட்டு இருக்க வேண்டும், அது அடுத்த வகுப்பு ஆசிரியர் கைக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பள்ளியை நிவாரண முகாமாக எடுத்தால், அந்த நாட்களில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளை மட்டுமாவது வேறு இடத்தில் நடத்த மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். முகாம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன், எங்கள் வீட்டுக்கே தண்ணீர் வந்து அங்கே போய்ப் படுத்தவர்கள் நாங்கள். பிள்ளைகள் இழக்கும் நாட்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆசிரியை மேடம், இதில் ஏதாவது நடைமுறைக்கு ஒத்துவராதது இருந்தால் சொல்லுங்கள்.


சாக்பீஸ்

எல்லாம் நடக்கக்கூடியவைதான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. இந்த மூன்றுக்கும் அனுப்பும்போதும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்று உங்கள் தீர்மானம் கேட்கலாம். தீர்மானத்தைப் பெற்றோர் செயலியிலும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். தாளில் மட்டும் இருந்தால் மேலே போகாது.


மணலிப் பக்கம்

இழையை முழுதும் வாசித்தேன். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் குடியிருக்கும் வரிசையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய. பக்கத்து அறையில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை. பள்ளிக்குப் போகவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்கிறது. அதன் அம்மாவிடம் நான் பேசினேன். பிறப்புச் சான்றிதழ் இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை, சேர்க்கமாட்டார்கள் என்று பயப்படுகிறார். தமிழும் கொஞ்சம்தான் புரிகிறது. எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்?


சாக்பீஸ்

சேர்த்தே ஆக வேண்டும், பயப்பட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது நான்காம் வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைக் கற்பிக்கத் தனிப்பயிற்சி தர வேண்டும். ஆண்டின் எந்த மாதத்திலும் சேர்க்கலாம்.

பள்ளிக்கு நீங்களும் கூடப் போங்கள், மொழி தெரியாமல் அந்த அம்மா வாசலிலேயே திரும்பிவிடக்கூடும். தம்பிக்கு இரண்டு வயது ஆகியிருந்தால் பக்கத்து அங்கன்வாடியில் முதலில் அவனைச் சேர்த்துவிடுங்கள். அதைச் செய்யாமல் அக்காவைச் சேர்த்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடுவாள். தலைமையாசிரியர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். அப்படியும் நடக்காவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மாதவரத்தில் பணிபுரியும் என் தோழி ஒருத்திக்கு இந்தி தெரியும், அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன்.